வாடகைக்கு ஒரு பெயர்ப்பலகை

மதுரையில் கடை வைப்பவர்களுக்குப் பெயர்ப்பலகை என்பது ஒரு காலத்தில் ஆயுளுக்கு ஒருமுறை நடக்கிற காரியம். மேலமாசி வீதியிலோ விளக்குத்தூண் பக்கமோ கடை திறக்க நாள் குறித்துவிட்டால், முகூர்த்தத்துக்கு முன்பாகவே ஓவியரை அழைத்து, தகரப் பலகைக்கு அடிப்பூச்சு கொடுத்து, அது காய்கிற வரைக்கும் அவருக்கு டீயும் வடையும் வாங்கித் தந்து, சுண்ணாம்பு தேய்த்த நூலை இரண்டு பேர் இரு முனையில் பிடித்துச் சுண்டிக் கோடு போட்டு, பென்சிலால் எழுத்தை வரைந்து, எனாமல் பெயிண்டால் நிரப்பி, கடைசியில் எழுத்துக்கு நிழல் விட்டு முடிக்கும்போது பொழுது சாய்ந்திருக்கும். அந்த நிழல் விடுகிற நேரத்துக்காகவே பள்ளிக்கூடம் விட்டதும் ஓடிவந்து நிற்கிற பையனாக நான் இருந்தேன். அதுவரை தட்டையாகக் கிடந்த பெயர் சட்டென்று பலகையை விட்டு எழுந்து நிற்கும். உங்களில் பலரும் இப்படி ஏதோ ஒரு கடைவாசலில் நின்றிருப்பீர்கள்.

1978இல் எம்.ஜி.ஆர். அரசு பெரியாரின் எழுத்துச் சீர்திருத்தத்தை ஏற்று ஆணை போட்ட பிறகும், பழைய ஓவியர்கள் பலர் ‘லை’க்கும் ‘னை’க்கும் பழைய வடிவத்தின் துதிக்கை வளைவைப் போடுவதை நெடுநாள் விடவில்லை. கை பழகியது ஒரு காரணம். அந்த வளைவு பலகைக்குத் தருகிற அழகு இன்னொரு காரணம். எங்கள் பெரியப்பாவின் சுங்குடிப் புடவைக் கடைப் பலகையிலும் அது இருந்தது. எழுதியவருக்கு ஒருமுறை கூலி கொடுத்ததோடு சரி. வெயிலும் மழையும் தின்றது போக மிச்சமிருந்த எழுத்தை வைத்தே அந்தக் கடை ஒரு தலைமுறை வியாபாரம் பார்த்தது.

பலகை வீதிக்கு, வீட்டுக்குள் போவதற்குக் காலண்டர். ஐப்பசி பிறந்ததுமே சிவகாசியிலிருந்து ஏஜெண்டுகள் தடித்த மாதிரிப் புத்தகங்களைத் தூக்கிக்கொண்டு வருவார்கள். முருகனா, லட்சுமியா, மீனாட்சி திருக்கல்யாணமா என்று வீடே கூடி முடிவெடுக்கும். அடியில் கடையின் பெயர், முகவரி, போன் நம்பர். அந்தக் காலண்டர் உசிலம்பட்டிக்கும் மேலூருக்கும் சோழவந்தானுக்கும் பஸ் ஏறிப் போய், யார் யாரோ வீட்டுச் சுவரில் ஆணியில் தொங்கி, ராகு காலம் பார்க்கிற ஒவ்வொரு கண்ணிலும் வருஷம் முழுக்கக் கடையின் பெயரைப் போட்டுக்கொண்டே இருக்கும். கல்யாணத் துணி எடுத்தவர்களுக்கு மஞ்சப்பை. துணி பீரோவுக்குள் போன பிறகும் பை காய்கறி வாங்கப் போகும், ரேஷன் கடை வரிசையில் நிற்கும். இவை எல்லாம் செலவழித்த பிறகு நம் கையை விட்டுப் போனவை. ஆனாலும் யாரும் திரும்பப் பிடுங்க முடியாதவை.

பிறகு பிரவுசிங் சென்டர்கள் வந்தன. 2000த்தை ஒட்டிய அந்த வருஷங்களில், மரத்தடுப்புக்குள் உட்கார்ந்து, மணிக்கு இத்தனை என்று காசு கட்டி, மோடம் கீச்சிடும் சத்தத்தைக் கேட்டுக்கொண்டே பெரியப்பாவின் கடைக்கு ஒரு பக்கம் கட்டியவன் நான். ஜியோசிட்டீஸில் இலவசமாக இடம் கொடுத்தார்கள். தமிழில் எழுத ஒரு எழுத்துரு, படிப்பவருக்கும் அதே எழுத்துரு வேண்டும். இல்லாவிட்டால் அவர் திரையில் கேள்விக்குறிகளும் கட்டங்களும்தான். 1999இல் சென்னையில் நடந்த தமிழ்நெட் மாநாட்டில் டாம், டாப் என்று இரண்டு குறியேற்றங்களைப் பரிந்துரைத்திருந்தார்கள். அவற்றுக்கு வெளியே டிஸ்கியும் புழங்கியது. யூனிகோடு ஊரெங்கும் பரவிய பிறகுதான் அந்தக் கஷ்டம் தீர்ந்தது. என்றாலும், சுங்குடிப் புள்ளிகள் பின்னணியில் மினுங்க, கடையின் பெயர் திரையில் மேலிருந்து கீழாக வரி வரியாக இறங்கி முழுமையான அந்த ராத்திரியில், ஓவியர் நிழல் விட்டு முடித்தபோது உண்டான அதே மகிழ்ச்சி எனக்குள் இருந்தது. அந்த இளைஞன் உலகமே இனி டவுன்ஹால் ரோட்டுக்கு வந்து புடவை வாங்கும் என்று நம்பினான். அவ்வளவு நம்பிக்கையோடு ஒரு வேலையைச் செய்தவனை நினைத்தால் இப்போதும் எனக்கு அன்புதான் வருகிறது. 2009 அக்டோபரில் யாஹூ ஜியோசிட்டீஸை மூடியது. அந்தப் பக்கமும் அத்தோடு போயிற்று.

2011 நவம்பரில் கூகுளும் ஹோஸ்ட்கேட்டரும் சேர்ந்து இந்தியாவின் சிறு வியாபாரிகளை இணையத்துக்குக் கொண்டுவருவோம் என்று ஒரு திட்டம் தொடங்கின. மூன்று வருஷத்தில் 5 லட்சம் கடைகள் என்பது இலக்கு. முதல் வருஷம் .இன் பெயரும் தளமும் இலவசம், அடுத்த வருஷத்திலிருந்து கட்டணம். நம் ஊரில் அந்த ஒரு வருஷம் முடிந்த பிறகுதான் பலருக்கும், இணையத்தில் தாங்கள் நிற்பது வாடகை இடத்தில் என்பது உறைத்தது. அதற்குப் பிறகு, கூகுள் வரைபடத்தில் கடையைப் பதிந்தவர்களுக்கு ஓரிரு சொடுக்கில் இலவசமாகக் கிடைத்துக்கொண்டிருந்த ஒற்றைப் பக்கத் தளங்களையும் 2024 மார்ச்சில் நிறுத்திவிட்டார்கள். ஜூன் வரை அந்த முகவரிக்கு வந்தவர்களைக் கடையின் வரைபடப் பதிவுக்குத் திருப்பிவிட்டார்கள். பிறகு அதுவும் இல்லை.

இப்போது நடப்பது சந்தாக் காலம். இணையத் தளம் கட்டிக்கொள்ள ஸ்கொயர்ஸ்பேஸ், விக்ஸ், ஷாப்பிஃபை என்று வெளிநாட்டுப் பெயர்கள் இருக்கின்றன. தென்காசிப் பக்கம் மத்தளம்பாறையில் அலுவலகம் வைத்திருக்கிற நம் சோகோவின் சைட்ஸும் இருக்கிறது. ஆயத்தமாக இருக்கும் வடிவங்களில் ஒன்றைத் தேர்ந்து, படத்தை இழுத்துப் போட்டு, விலையைத் தட்டினால் சாயங்காலத்துக்குள் கடை திறந்தாயிற்று. மாதமோ வருஷமோ பணம் கட்டுகிற வரை கதவு திறந்திருக்கும்.

இதைப் பற்றிக் கடைக்காரர்களிடம் பேச்சுக் கொடுத்துப் பார்ப்பது என் வழக்கம். ஆவணி மூல வீதியின் டீக்கடையில் நின்றாலே போதும், ஆளுக்கொரு கருத்து வந்து விழும். சுங்குடி விற்கிற ஒருவர் மனம் நிறைந்து சொன்னார்: “போன்ல கலர் சொல்லிச் சொல்லித் தொண்டை போறது நின்னுச்சுண்ணே. பெங்களூர்ல இருந்து பாத்துட்டு, இந்தப் பச்சை, இந்த பார்டர்னு சொல்லியே கூப்பிடுறாங்க.” 2005இல் புவிசார் குறியீடு வாங்கிய துணி அது, கையால் முடிச்சுப் போட்டதற்கும் மெழுகு அச்சுக்கும் என்ன வித்தியாசம் என்று அவர் தன் பக்கத்தில் படம் போட்டு விளக்கியிருக்கிறார். எந்தக் காலண்டரிலும் அதற்கு இடம் இருந்திருக்காது. பாத்திரக் கடைக்காரருக்கோ ஆற்றாமை: “மொத வருஷம் ஒரு ரேட்டு, ரெண்டாவது வருஷம் ஒரு ரேட்டு. அதுக்கு மேல ஜிஎஸ்டி. கடை வாடகைகூட இப்படி ஏறாதுங்க.” அவர் சொல்வதில் நியாயம் இருக்கிறது. விளம்பரத்தில் பெரிய எழுத்தில் இருப்பது சேர்கிறவர்களுக்கான விலை. புதுப்பிக்கிற விலை சின்ன எழுத்தில் கீழே இருக்கும். 18 சதவீத வரி அதற்கும் பிறகு.

மாட்டுத்தாவணியில் மல்லி விற்பவர் சிரித்துக்கொண்டே கைவிரித்தார். “விடியக்காலம் ஒரு விலை, பத்து மணிக்கு வேற விலைண்ணே. எத்தனை தடவை போய் மாத்துறது?” அவருக்கு வாட்ஸ்அப் போதும். 2018இல் வியாபாரிகளுக்கென்று தனி வாட்ஸ்அப் வந்த பிறகு, மெஸ் நடத்துகிறவர்களும் தையல்காரர்களும் பெரும்பாலும் அதோடு நின்றுவிட்டார்கள். அவர்கள் செய்தது தவறு என்று எனக்குத் தோன்றவில்லை. பத்துத் தெருவுக்குள் வாடிக்கை முடிந்துவிடுகிற கடைக்கு வருஷச் சந்தா எதற்கு?

ஆனால் கடை இடம் மாறும்போது கதை வேறு. திருமலை நாயக்கர் கட்டிய புது மண்டபத்தில் தலைமுறை தலைமுறையாகத் தையல் மிஷின் மிதித்தவர்களும், புத்தகம் விற்றவர்களும், வளையல் விற்றவர்களும் குன்னத்தூர் சத்திரத்துக்குப் போக வேண்டி வந்ததே, அப்போது அச்சடித்த காலண்டரையும் மஞ்சப்பையையும் என்ன செய்ய முடியும்? எத்தனையோ வாடிக்கையாளர்கள் தூண்களுக்கிடையில் வந்து தேடிவிட்டுப் போனார்கள். இணையத்தில் பக்கம் வைத்திருந்தவர் முகவரியை ஒரு நிமிஷத்தில் மாற்றிவிட்டு வேலையைப் பார்க்கலாம். அந்த நாட்களில் நான் சந்தாவின் பக்கம் முழுசாகச் சாய்ந்துவிட்டேன்.

ரொம்ப நாளாக என்னை உறுத்துகிற விஷயம் விலை அல்ல, உடைமை. ஓவியர் எழுதிக் கொடுத்துவிட்டுப் போனால் பலகை கடைக்காரருடையது. இணையத்திலோ, ஒரு சந்தாச் சேவையில் எழுப்பிய தளத்தை அப்படியே பெயர்த்து வேறு இடத்தில் வைப்பது பெரும்பாலும் நடக்காது. விக்ஸ் இதைத் தன் உதவிப் பக்கத்திலேயே சொல்லிவிடுகிறது. யார் வேண்டுமானாலும் எடுத்துப் பயன்படுத்தலாம் என்று 2003இல் வந்த வேர்ட்பிரஸ் போன்ற திறந்த மென்பொருளில் கட்டினால் பெயர்க்கலாம், ஆனால் பராமரிக்க ஆள் வேண்டும். இதைவிட வேதனையானது இன்னொன்று. தளம் செய்து கொடுத்த பையனே இணையப் பெயரையும் தன் மின்னஞ்சலில் பதிந்து வைத்திருப்பான். அவன் வேலை கிடைத்து சென்னைக்கோ துபாய்க்கோ போய்விடுவான். புதுப்பிக்கச் சொல்லி வருகிற எச்சரிக்கை எல்லாம் அவன் திறக்காத பெட்டிக்குப் போகும். காலாவதியாகி நீக்கப்பட்ட .காம் பெயரை 30 நாளுக்குள் கூடுதல் கட்டணம் கட்டி மீட்கலாம். அதையும் தவறவிட்டால் சில நாட்களில் அது ஊர்ச் சொத்து, யார் வேண்டுமானாலும் எடுத்துக்கொள்வார்கள். தாத்தா பெயரில் நடந்த கடையின் முகவரியில் சூதாட்ட விளம்பரம் ஓடுவதைப் பார்த்த ஒரு பெரியவர் என்னிடம் எதுவும் சொல்லவில்லை, போனை என் கையில் கொடுத்துவிட்டுப் பேசாமல் இருந்தார்.

ரிசர்வ் வங்கி 2021 அக்டோபர் முதல் ஒரு நல்ல காரியம் செய்தது. கார்டிலிருந்து தானாகப் பிடிக்கும் சந்தாக்களுக்கு நம் ஒப்புதல் பதிவாகியிருக்க வேண்டும், பணம் எடுப்பதற்கு 24 மணி நேரம் முன்பாவது தகவல் வர வேண்டும் என்று விதி போட்டது. கேட்காமல் பணம் போவது குறைந்தது. அந்த ஒப்புதலைப் பதியாமல் விட்டு, பிடித்தம் நடக்காமல் போய்த் தளம் நின்றுபோனவர்களும் உண்டு.

ஓவியரோடு பேரம் பேசிய பகல்கள் இனி இல்லை. ஒரு எழுத்து சற்றே சாய்ந்துவிட்டதென்று அவரும் பெரியப்பாவும் வாதாடி, கடைசியில் அவர் ஓரத்தில் தன் பெயரைச் சின்னதாக எழுதிவிட்டு பிரஷ்ஷை மண்ணெண்ணெயில் நனைப்பார். அந்த வாசனைக்கு எந்தச் சந்தாவிலும் இடமில்லை. ஆனாலும், மீனாட்சி கோயிலைப் பார்க்க வருகிற வெளியூர்க்காரர் ரயிலில் வரும்போதே சுங்குடிக் கடையைத் தேடி வைத்துக்கொள்கிற காலத்தில், பக்கம் வேண்டாம் என்று நான் யாருக்கும் சொல்ல மாட்டேன்.

கடை வைத்திருக்கிற அண்ணன்மாரே, அக்காமாரே, சந்தாவை எந்த நிறுவனத்துக்கு வேண்டுமானாலும் கட்டுங்கள். சேரும்போதே இரண்டாம் வருஷத்து விலையைக் கேளுங்கள். படங்களுக்கும் எழுத்துக்கும் ஒரு பிரதி உங்கள் கையில் இருக்கட்டும். இணையப் பெயரை மட்டும் உங்கள் பெயரில், உங்கள் மின்னஞ்சலில், நீங்களே பணம் கட்டிப் பதிவு செய்யுங்கள்.