45 டெசிபலுக்குள் சாகவும்

மும்பை குர்லாவுக்கு அமைதி வந்துவிட்டது. நம்பாதவர்கள் நேரில் வந்து காதைக் கொடுத்துப் பார்க்கலாம். தலைக்கு மேலே விமானங்கள் ஒன்றன் வாலை ஒன்று பிடித்தபடி இறங்கிக்கொண்டே இருக்கும். கீழே சென்ட்ரல் லைனும் ஹார்பர் லைனும் போட்டி போட்டு அலறும். எல்.பி.எஸ். மார்க்கில் ஆட்டோக்காரர் ஹாரனிலிருந்து கையை எடுப்பது டீ கிளாஸைப் பிடிக்க மட்டும்தான். டெர்மினஸில் கோயம்புத்தூர் வண்டி எந்தப் பிளாட்பாரம் என்று நம் ஜனம் ஒருவரை ஒருவர் கத்திக் கேட்டுக்கொண்டிருக்கும். இதெல்லாம் சத்தத்தில் சேர்த்தி இல்லை. சத்தம் என்றால் மசூதி மினாரில் கட்டியிருந்த கூம்புக் குழாய். அதை இறக்கியாயிற்று. ஆகவே அமைதி.

வழக்குப் போட்டதும் குர்லாதான். குர்லா கிழக்கின் இரண்டு குடியிருப்போர் சங்கங்கள் நேரு நகர், சூனாபட்டி காவல் எல்லைகளில் உள்ள மசூதி, மதரசா ஒலிபெருக்கிகளை எதிர்த்து பம்பாய் உயர்நீதிமன்றத்துக்குப் போயின. 2025 ஜனவரி 23 அன்று நீதிபதிகள் அஜய் கட்கரி, ஷ்யாம் சந்தக் அமர்வு தீர்ப்புச் சொன்னது. ஒலிபெருக்கி எந்த மதத்துக்கும் இன்றியமையாத அங்கம் அல்ல. குடியிருப்புப் பகுதியில் பகலில் 55 டெசிபல், இரவில் 45. புகார் வந்தால் முதலில் எச்சரிக்கை, அடுத்து அபராதம், அதற்கும் அடங்காவிட்டால் பறிமுதல்.

தீர்ப்போடு எனக்குச் சண்டை கிடையாது. இதைத்தான் உச்ச நீதிமன்றம் 2000-லேயே நம் சென்னை வழக்கு ஒன்றில் சொன்னது. அங்கே மாட்டியது ஒரு கிறிஸ்தவ சபை, வழக்காடியது கே.கே.ஆர். மெஜஸ்டிக் காலனி நலச் சங்கம். அக்கம்பக்கத்தாரின் நிம்மதியைக் கெடுத்துத்தான் பிரார்த்தனை செய்ய வேண்டும் என்று எந்த மதமும் விதிக்கவில்லை என்றார்கள். சரிதானே? முதன்முதலில் பாங்கு சொன்ன பிலால் தொழுகைக்கு அழைத்தது தொண்டையால், ஆம்ப்ளிஃபயரால் அல்ல. நம்மவர்கள் மட்டும் என்ன யோக்கியம்! ஆடி பிறந்துவிட்டால் தாராவியிலிருந்து செம்பூர் வரை கூழ் ஊற்றும் கோயில்களில் எல்.ஆர். ஈஸ்வரி நாலு தெருவுக்குக் கேட்கிறார். அம்மனுக்குக் காது மந்தம் என்று மைக்செட்டுக்காரரிடம் யார் சொன்னார்களோ தெரியவில்லை.

என் சண்டை அரசின் காதோடு.

2025 ஜூலை 10: கணேசோற்சவம் இனி மகாராஷ்டிரத்தின் மாநில விழா என்று அமைச்சர் ஆஷிஷ் ஷேலார் சட்டமன்றத்தில் அறிவிக்கிறார். ஜூலை 11: மும்பையின் வழிபாட்டுத் தலங்களிலிருந்து 1,608 ஒலிபெருக்கிகளை இறக்கிவிட்டதாக முதல்வர் தேவேந்திர ஃபட்னவிஸ் அதே மன்றத்தில் அறிவிக்கிறார். நடுவில் ஒரு நாளாவது விட்டிருக்கலாம், பார்க்கிறவர்களுக்காக. ஒலி மாசு விதிகளிலேயே ஒரு பின்வாசல் உண்டு. பண்டிகைக்காக ஆண்டுக்கு 15 நாளுக்கு மிகாமல் நள்ளிரவு வரை ஒலிபெருக்கிக்கு அரசு அனுமதி தரலாம். அந்த வாசலில் யாருக்குக் கும்பம், யாருக்குக் கும்மாங்குத்து என்பதையும் அரசே பார்த்துக்கொள்ளும். சத்தத்தை ஒழிக்க ராஜ் தாக்கரே 2022 குடி பாட்வா கூட்டத்தில் சொன்ன வைத்தியம் இன்னும் எளிது: மசூதி முன்னால் ஒலிபெருக்கி வைத்து ஹனுமான் சாலிசா போடுங்கள். காது வலிக்கிறதா, இன்னொரு காதிலும் அறை என்பது போல.

கணபதியைக் கரைக்கும் நாளில் குர்லா தெருக்களைப் பார்க்க வேண்டும். லாரியில் ஆள் உயரத்துக்கு அடுக்கிய பெட்டிகள். ஜன்னல் கண்ணாடி நடுங்கும், அலமாரியில் டம்ளர் நகரும், நெஞ்சுக்கூட்டுக்குள் யாரோ மாவு இடிப்பது போலிருக்கும். கூடவே நாசிக் டோல். நாசிக்கிலிருந்து பெயர் வாங்கிய அந்த மேளம் இங்கே அடிக்கிற அடி ஊருக்கே கேட்கிறது.

குர்லாக்காரர் ஒருவரை நாசிக்கில் வைத்து அடித்த அடி மட்டும் ஊருக்குக் கேட்கவில்லை.

வழக்குப் போட்ட நேரு நகருக்கும் குரேஷி நகருக்கும் கூப்பிடு தூரம்தான், மைக் வைத்துக் கூப்பிட்டால். பரம்பரையாக இறைச்சித் தொழில் செய்யும் ஜனங்கள் வாழும் இடம். அங்கிருந்து போன இருவர், 2023 ஜூன் 24 அன்று இறைச்சி ஏற்றிய காரில் மும்பை நோக்கி வந்தார்கள். நாசிக் மாவட்டம் சின்னர்–கோட்டி சாலையில் பசுக் காவலர்கள் மறித்தார்கள். அடித்தார்கள். ஒருவர் இறந்துபோனார், மற்றவர் காயத்தோடு தப்பினார். போலீஸ் கொலை வழக்குப் போட்டது, கைதும் செய்தது, அதை மறைப்பானேன். ஆனால் உடனே எழுந்த கேள்வியைக் கவனியுங்கள். அது மாட்டிறைச்சியா இல்லையா? இறைச்சியை ஆய்வகத்துக்கு அனுப்பினார்கள். செத்தது மனிதன் என்பதில் யாருக்கும் ஐயம் இல்லாததால், அதைச் சோதிக்க அவசரம் ஏற்படவில்லை.

எருமைக் கறி என்று அறிக்கை வந்தால் கொலை குற்றமாகிவிடுமா? பசுக் கறி என்று வந்தால்? தண்டச் சட்டத்தில் இல்லாத இந்தக் கிளைக் கேள்விதான் நம் தேசத்தின் மூலக் கேள்வியாக இருக்கிறது. செம்பூர் தாண்டினால் தேவ்னாரில் மாநகராட்சியே இறைச்சிக்கூடம் நடத்துகிறது. எருமை இறைச்சியை ஏற்றுமதி செய்து டாலர் எண்ணுவதில் உலகத்தின் முன்வரிசையில் இந்தியா உட்கார்ந்திருக்கிறது. கப்பலில் போனால் அந்நியச் செலாவணி, குரேஷி நகர்க்காரர் காரில் போனால் மத நிந்தனை.

சட்டத்தின் கதையும் கேட்கத் தக்கது. பசுவதைத் தடை மகாராஷ்டிரத்தில் 1976-லிருந்தே உண்டு. காளை, எருதையும் சேர்த்து 1995-இல் நிறைவேற்றிய திருத்தம் 20 ஆண்டு தூங்கி, 2015-இல் குடியரசுத் தலைவர் ஒப்புதலோடு எழுந்தது. வெளிமாநிலத்தில் அறுத்த மாட்டின் கறியை வைத்திருந்தாலும் குற்றம், குற்றமற்றவன் என்று நிரூபிப்பதும் பிடிபட்டவன் பாடு என்றது. 2016 மே மாதம் பம்பாய் உயர்நீதிமன்ற நீதிபதிகள் அபய் ஓகா, சுரேஷ் குப்தே இந்த இரண்டு பிரிவுகளையும் வெட்டினார்கள். அறுப்புத் தடை நிலைக்கும், ஆனால் ஒருவர் வீட்டுக்குள் என்ன தின்கிறார் என்று எட்டிப்பார்ப்பது அரசின் வேலை அல்ல என்று தீர்ப்பு. அரசு எட்டிப்பார்ப்பதை நிறுத்தியது. அந்த வேலையை, டெண்டர்கூட விடாமல், நெடுஞ்சாலையில் தடியோடு நிற்கும் பையன்கள் எடுத்துக்கொண்டார்கள்.

2024 செப்டம்பர் 30 அன்று, சட்டமன்றத் தேர்தலுக்கு இரண்டு மாதம்கூட இல்லாத நேரத்தில், நாட்டுப் பசு ‘ராஜ்யமாதா–கோமாதா’ என்று அரசு அறிவித்தது. கோசாலையில் இருக்கும் நாட்டுப் பசு ஒன்றுக்கு நாளொன்றுக்கு 50 ரூபாய். தபேலா என்கிற தொழுவத்தில் நின்று மும்பைக்குப் பால் கொடுக்கும் எருமைக்கு அந்தப் பட்டம் கிடையாது. நிறம் பொருந்தவில்லை போலும். மாட்டுக்குக் காதில் மஞ்சள் வில்லை மாட்டி 12 இலக்க எண் கொடுக்கிறார்கள், நமக்கு ஆதாரில் கொடுத்ததும் 12 இலக்கம்தான். இலக்கத்தில் சமத்துவம் வந்துவிட்டது. இனி குர்லாவாசிகளையும் கால்நடைப் பட்டியலில் சேர்த்துவிட்டால், உயிருக்கு உத்தரவாதமும் தீவனத்துக்கு 50 ரூபாயும் ஒரே மனுவில் முடிந்துவிடும்.

திருவாரூரில் பசு ஒன்று ஆராய்ச்சி மணியை அடித்ததற்கு மனுநீதிச் சோழன் பெற்ற மகனைத் தேர்க்காலில் இட்டான் என்று படித்து வளர்ந்தவர்கள் நாம். மும்பையிலும் மணி உண்டு. பசு சார்பில் யார் அடித்தாலும் கோட்டை அதிர்கிறது. குரேஷி நகரிலிருந்து ஒரு தாய் போய் அடித்தால், முதலில் டெசிபல் மீட்டரைக் கொண்டுவருவார்கள்.

கும்பல் கொலையைத் தடுக்க மாவட்டந்தோறும் எஸ்.பி. அந்தஸ்தில் ஒரு பொறுப்பதிகாரி, விரைவு நீதிமன்றம், தனிச் சட்டம் என்று உச்ச நீதிமன்றம் 2018 ஜூலையில் பட்டியலே போட்டது. ஒலிபெருக்கித் தீர்ப்புக்கு ஆறு மாதத்தில் 1,608 என்று கணக்குக் கொடுத்த வேகத்தில், இதற்கும் சட்டமன்றத்தில் எழுந்து எத்தனை கும்பல்களை நெடுஞ்சாலையிலிருந்து இறக்கினோம் என்று ஒரு கணக்குச் சொல்லியிருக்கலாமே. புதிய நியாய சன்ஹிதாவின் 103(2) பிரிவு ஐந்து பேரோ அதற்கு மேலோ கூடிக் கொல்வதற்குத் தண்டனை சொல்கிறது. இனம், சாதி, சமூகம், பாலினம், பிறந்த இடம், மொழி, தனிப்பட்ட நம்பிக்கை என்று காரணங்களை அடுக்கிக்கொண்டே போய், மதத்தை மட்டும் பெயர் சொல்லாமல் தாண்டிவிடுகிறது. கட்டியவன் பெயரைச் சொல்லாத பத்தினி கெட்டாள், போங்கள்.

2025-இல் மாநிலமெங்கும் குரேஷி வியாபாரிகள், அடி வாங்கி மாளவில்லை என்று சந்தையில் மாடு வாங்குவதையே நிறுத்தினார்கள். அப்போது அலறியது யார்? கிழட்டு மாட்டை விற்க முடியாமல் கையில் பிடித்துக்கொண்டு நின்ற விவசாயி, பெரும்பாலும் இந்து. அந்த அலறல் மட்டும் கோட்டைக்குக் கேட்டது. ஆளுந்தரப்பிலிருந்தே பசுக் காவலர்களைக் கண்டித்துக் குரல் வந்தது. காது கேட்காமல் இல்லை பாருங்கள், ஆளைப் பார்த்துக் கேட்கிற காது.

இடையில் மும்பை மசூதிகள் சில அழகாக ஒரு வழி கண்டுபிடித்திருக்கின்றன. நம் திருநெல்வேலிக்காரர்கள் செய்த செல்பேசிச் செயலி ஒன்று, பாங்கு சொல்லும் நேரத்தில் மசூதியில் சொல்வதை அப்படியே வீட்டில் இருப்பவரின் செல்லுக்கு நேரலையில் அனுப்பிவிடுகிறது. தெருவில் ஒரு டெசிபல் கூடாது. நெல்லை மூளைக்கு நிகர் உண்டா! அந்தத் தம்பிகளுக்கு ஒரு வேண்டுகோள். இதே போல இன்னொன்றும் செய்து தாருங்கள். ராத்திரியில் சின்னர்–கோட்டி சாலையில் காரை மறித்து இறக்கியதும் பொத்தானை அழுத்த வேண்டும். அதற்குப் பிறகு போடுகிற கூச்சல் வெளியே கேட்காமல், நேராகக் குர்லாவில் பெண்டாட்டி பிள்ளைகளின் செல்லுக்கு மட்டும் போய்ச் சேர வேண்டும். இரவு வரம்பு 45 என்பதை மறந்துவிடாதீர்கள். அரசிடமிருந்து ஆட்சேபணை வராது, உரிமம் உடனே கிடைக்கும்.