பிளக் பார்த்து வாங்கு!

ரிச்சி ஸ்ட்ரீட்டில் பழைய ஐபிஎம் கீபோர்டு வாங்கி, மின்சார ரயிலில் மடியில் வைத்துக் கொண்டுவந்தேன். லேப்டாப்பில் செருக இடமே இல்லையே?
– ஒரு வாசகர், கூடுவாஞ்சேரி

முகத்தைப் பார்த்து முடித்துவிட்டீர்கள், ஜாதகம் பார்க்கவில்லை! ஒயர் நுனியில் ஆறு பின் உள்ள சின்ன உருண்டை பிளக் என்றால், 1987-ல் ஐபிஎம் கொண்டுவந்த பிஎஸ்/2. ஐந்து பின் உள்ள பெரிய உருண்டை என்றால் அதற்கும் மூத்தது. யுஎஸ்பி பிறந்ததே 1996-ல்தான்.

ஐந்து பின்தான். ஓர் அடாப்டர் மாட்டினால் போதாதா?

பிளக் சேரும், பேச்சு சேராது. 1981-ன் பிசி கீபோர்டுக்கும் 1984-ன் ஏடி கீபோர்டுக்கும் பிளக் ஒன்று, அனுப்பும் குறியீடு வேறு. நடுவில் சிப் வைத்த கன்வெர்ட்டர் வேண்டும்.

அதில் தமிழ் எழுத்தே இல்லை. தமிழ் அடிக்க முடியுமா?

தாராளமாக! எந்தக் கட்டை அமுங்கியது என்று மட்டும்தான் கீபோர்டு சொல்லும். எழுத்தைத் தீர்மானிப்பது கம்ப்யூட்டர். ஆகவே 1999-ல் தமிழக அரசு ஏற்ற தமிழ்99 முறை அதிலும் ஓடும். டக் டக் சத்தத்தில் பக்கத்து வீட்டார் விழித்தால் நான் பொறுப்பல்ல.

அடுத்த முறை விலை கேட்கும் முன் பிளக்கைப் பாருங்கள்.