எல்லாவற்றுக்கும் ஒரு ‘போ’

பிலிப்பைன்ஸின் டவாவோவுக்கு டாக்டர் படிக்கப் போகும் நம்மூர்ப் பிள்ளைகளுக்கு அனாட்டமிக்கு முன்னால் சீனியர் கிடைத்துவிடுகிறார். விமான நிலையத்திலிருந்து விடுதிக்குப் போகும் வேனிலேயே அவருடைய தகலாக் வகுப்பு தொடங்கிவிடும்.

“தம்பி, இங்க யார்கிட்ட என்ன பேசினாலும் கடைசில ஒரு ‘போ’ போடணும். மரியாதை. போடலைன்னா நம்ம மானமே போயிடும்.”

தகலாக்கில் பெரியவர்களிடம் பேசும்போது இந்தப் ‘போ’ உண்டுதான். நம்முடைய ‘ங்க’ மாதிரி. ஆனால் சீனியருக்கு வயது வித்தியாசம் கிடையாது. காவலாளிக்குப் போ, ஐந்து வயதுப் பிள்ளைக்குப் போ. ஜாலிபீ உணவகத்தில் ஒரு கோழித் துண்டு வாங்குவதற்குள் நாலு போ. மரமும் புற்றும் உள்ள இடத்தைக் கடக்கும்போது, கண்ணுக்குத் தெரியாத ஆவிகளிடம் “தாபி தாபி போ” என்று வழி கேட்பது பிலிப்பினோ வழக்கம். சீனியர் அதைப் படியில் படுத்திருக்கும் நாயிடம் சொல்வார். நாய் நகராது.

வீடியோ காலில் அம்மா இருக்கும்போது வீட்டுக்கார அம்மாள் சாப்பாட்டுத் தட்டோடு வந்தார். சீனியர் பணிவாக “சலாமத் போ!” என்று நன்றி சொன்னார். “சோறு போடுற மனுஷியைப் போ போன்னு விரட்டுறியேடா, உன்னை இதுக்கா கடன் வாங்கி அனுப்பினோம்?” என்று அம்மா பிடித்துக்கொண்டார். அரை மணி நேரம் விளக்க வேண்டியிருந்தது.

இவ்வளவும் போகட்டும். டவாவோ மக்கள் வீட்டில் பேசுவது தகலாக்கே இல்லை, பிசாயா. தகலாக் வடக்கே மணிலாப் பக்கத்து மொழி. டவாவோ இருப்பதோ தெற்கே மிண்டனாவோ தீவில். பிசாயாவில் இந்தப் ‘போ’ கிடையாது. மரியாதையைக் குரலிலும் முகத்திலும் காட்டிவிடுகிறார்கள். பள்ளிக்கூடத்தாலும் டிவியாலும் தகலாக் எல்லோருக்கும் புரியும் என்பதால் சீனியர் பிழைத்தார். ஜீப்னியை நிறுத்த ஊரே “லுகார் லங்” என்னும். இவர் மட்டும் பின்சீட்டிலிருந்து “பாரா போ!” என்று முழங்குவார். வண்டி நிற்கும். டிரைவர் கண்ணாடியில் ஒரு தடவை பார்ப்பார். அந்தப் பார்வையையும் மரியாதைக் கணக்கில்தான் சீனியர் வரவு வைப்பார்.

செப்டம்பர் 1 பிறந்தால் கேட்கவே வேண்டாம். ‘பெர்’ என்று முடியும் மாதம் வந்தாலே அந்த நாட்டில் கிறிஸ்துமஸ் வந்த மாதிரி. ஹோசே மாரி சான் 1990இல் பாடிய கிறிஸ்துமஸ் பாட்டு கடைக்குக் கடை ஒலிக்கும். சீனியர் ஜூனியர்களை வரிசையில் நிறுத்தி ‘மானோ’ பழக்குவார்: பெரியவர் கையை எடுத்து நம் நெற்றியில் ஒற்ற வேண்டும், கூடவே ஒரு போ. ஒத்திகைக்கு அகப்பட்டவர் வீட்டுக்கார அம்மாள். நாற்பதைத் தொடாதவர். பதினோரு பையன்கள் வரிசையாக வந்து அவரைக் கிழவியாக்கிவிட்டுப் போனார்கள். அந்த மாதம் வாடகையில் ஒரு பெசோகூடக் குறையவில்லை.

டிசம்பர் 16 முதல் 24 வரை ஒன்பது நாள் விடியற்காலைப் பூசைக்கும் போனால் நினைத்தது நடக்கும் என்று அங்கே ஒரு நம்பிக்கை. அதைப் பற்றி ஒரு மணி நேரம் பேசுகிறவர் முதல் நாள் மட்டும் போவார், அதுவும் வாசலில் சுடச்சுட விற்கும் பிபிங்கா அரிசி அப்பத்துக்காக. புத்தாண்டுக்கு மேசையில் பன்னிரண்டு வகை உருண்டைப் பழம் வேண்டும் என்றும் சட்டம் போடுவார். பொமலோ சேரும், துரியான் சேருமா என்பதில் விடுதி இரண்டுபட்டது. நள்ளிரவில் குதித்தால் உயரம் கூடுமாம். சீனியர் குதிப்பார், பலன் தெரியவில்லை. பட்டாசு மட்டும் கிடையாது. 2002ஆம் ஆண்டு நகரச் சட்டப்படி டவாவோவில் அதற்குத் தடை. ஊர் முழுக்கத் தோரோதோத் ஊதலை ஊத, சிவகாசிப் பையன் ஒருவன் மட்டும் மூலையில் உம்மென்று உட்கார்ந்திருந்தான்.

நல்ல மனுஷன்தான், இல்லையென்று சொல்ல முடியாது. கிறிஸ்துமஸ் இரவில் வீட்டு நினைப்பில் கண்ணைக் கசக்கும் முதலாம் ஆண்டுப் பிள்ளைகளை நோச்சே புவேனா விருந்துக்கு அழைத்துப்போவார். சர்க்கரை தூக்கலான அந்த ஸ்பகெட்டியை முதல் ஆளாக எடுத்து, முகம் சுளிக்காமல் தின்று காட்டுவார். இரவு ஒரு மணிக்கு விடுதிக்குத் திரும்பி ரசம் வைத்துக் கொடுப்பவரும் அவரே.

எரிச்சல் வருவது ஆஸ்பத்திரி வார்டில். பாடம் ஆங்கிலத்தில் நடக்கிறது, சரி. மலையிலிருந்து இறங்கி வந்த பாட்டி தன் வயிற்றுவலியை ஆங்கிலத்திலா சொல்வாள்? பிசாயாவில் சொல்கிறாள், இரவில் கூடுகிறது, சாப்பிட்டால் கூடுகிறது என்று விவரமாக. சீனியர் அவள் கையை எடுத்து நெற்றியில் ஒற்றிக்கொண்டு “ஓபோ, ஓபோ” என்று தகலாக்கில் ஆமாம் போட்டுத் தலையாட்டுகிறார். ஒரு வார்த்தை புரியவில்லை. நாலு வருடமாக அதே சந்தையில் மீன் வாங்குகிறார். மீன்காரியிடம் கேட்டிருந்தால் மாதத்துக்குப் பத்து வாக்கியம் சும்மாவே சொல்லிக் கொடுத்திருப்பாள். ஜூனியர்களுக்காவது அந்த மொழியைக் காதில் போட்டிருக்கலாம். நர்ஸ் வந்து மொழிபெயர்ப்பதற்குள் அவர் கேஸ் ஷீட்டில் முதல் வரியை எழுதி முடித்துவிடுகிறார்: நோயாளி நன்றாக ஒத்துழைக்கிறார்.