பல்லுக்குக் கேப், ஈறுக்கு ஆப்பு?

சொத்தைப் பல்லுக்குக் கேப் போடப் போனால், ‘முதலில் ஸ்கேலிங்’ என்கிறார் டாக்டர். பில்லை ஏற்றுகிறாரோ? (ஈரோடு)

ரத்தம் கசியும் ஈறுக்குப் பக்கத்தில் அளவெடுத்தால் அளவு தப்பும். பல் நிற அடைப்போ ஈரத்தில் ஒட்டவே ஒட்டாது. தவிர, வீங்கிய ஈறு சுத்தம் செய்ததும் வற்றிச் சுருங்கும். அதற்குள் கேப்பை மாட்டினால் விளிம்பு பல்லிளிக்கும். பில் ஏறுவது உண்மைதான். ஏற்றியது டாக்டரா, நீங்கள் இத்தனை வருடம் பல் தேய்த்த லட்சணமா?

கேப்பின் விளிம்பு தெரியாமல் ஈறுக்குள் ஆழமாகத் தள்ளச் சொல்லலாமா? (நாகர்கோவில்)

சொல்லலாம், ஈறு சம்மதிக்காது. ஈறின் பள்ளம் முடியும் இடத்திலிருந்து எலும்பு வரை, சராசரியாக 2 மி.மீ. அகலத்துக்கு ஈறு பல்லைக் கவ்விப் பிடித்திருக்கிறது. கர்ஜியூலோ, வென்ட்ஸ், ஆர்பன் என்ற மூவர் இறந்தவர்களின் தாடைகளில் அளந்து 1961-ல் சொன்ன கணக்கு இது. கேப் அந்த எல்லைக்குள் நுழைந்தால் ஈறு சிவக்கும், தொட்டாலே ரத்தம் வரும், எலும்பும் கரையலாம். மெல்லிய ஈறாக இருந்தால் இறங்கிப்போய், நீங்கள் மறைத்த விளிம்பையே காட்டிக்கொடுக்கும். ஆகவே முன்பல்லுக்கு 0.5 மி.மீ. உள்ளே போதும். கடைவாய்ப் பல்லுக்கு விளிம்பு வெளியே இருப்பதே நல்லது. கொட்டாவி விடும்போது எதிரே இருப்பவரைத் தவிர யார் பார்க்கப்போகிறார்?

பல் ஈறோடு ஈறாக உடைந்துவிட்டது. ஈறை வெட்டி, எலும்பையும் செதுக்க வேண்டுமாம். பயமுறுத்துகிறார்களா? (திருநெல்வேலி)

இல்லை, இடம் பண்ணுகிறார்கள். கேப்பின் விளிம்புக்கும் எலும்புக்கும் நடுவே சுமார் 3 மி.மீ. வேண்டும். கம்பி மாட்டிப் பல்லை மெதுவாக வெளியே இழுக்கும் வழியும் உண்டு. முன்பல்லுக்கு நான் அதைத்தான் முதலில் கேட்பேன். வேர் குட்டை என்றால் இரண்டுமே சரிப்படாமல் போகலாம். செதுக்கினால், ஈறு ஓரிடத்தில் நிலைக்கும்வரை முன்பல்லில் நிரந்தரக் கேப்புக்குச் சில மாதம் பொறுக்க வேண்டும். கல்யாணத்துக்குப் பத்து நாள் இருக்கும்போது போய் நிற்காதீர்கள்.

கேப் போட்டாச்சு. இனி அந்தப் பல்லுக்குச் சொத்தை வராதே? (வேலூர்)

கேப்புக்கு வராது. அதன் விளிம்புக்குக் கீழே இருப்பது உங்கள் சொந்தப் பல்.

அடைத்த பல்லிடுக்கில் தினமும் மட்டன் சிக்குகிறது. டூத்பிக் போதுமா? (மதுரை)

தினமும் மட்டனா! கொடுத்துவைத்தவர். அடைப்பு பக்கத்துப் பல்லைத் தொடாமல் இடைவெளி விட்டிருக்கும். இல்லையென்றால் பிதுங்கி நீட்டிக்கொண்டிருக்கும். இரண்டையும் டாக்டர்தான் சரிசெய்ய வேண்டும். நீங்கள் டூத்பிக்கால் குத்திக்கொண்டே இருந்தால் இடுக்கு பெரிதாகி, ஒருநாள் முழு ஆடே சிக்கும்.