வெட்சி சூடிய வாக்கிங் மாமாக்கள்: சுவரோரப் பூச்செடித் தேர்வு குறித்த ஓர் ஆய்வு

சுற்றுச்சுவரோரம் எந்தப் பூச்செடி வைக்கலாம் என்று கேட்டால் நர்சரிக்காரர் பதிலுக்கு மூன்று கேள்விகள் கேட்பார். வெயில் எத்தனை மணி நேரம் விழும்? தண்ணீர் உப்பா? மாடு வருமா? மூன்றும் நியாயமான கேள்விகள். நான்காவதாக ஒன்று உண்டு. அதை அவரும் கேட்பதில்லை, தோட்டக்கலை நூல்களும் கேட்பதில்லை. விடியற்காலை நாலே முக்காலுக்கு உங்கள் தெருவில் யார் நடமாடுகிறார்கள்? ஒரு வீட்டில் எந்தச் செடி பூவோடு நிற்கும், எந்தச் செடி வெறும் பச்சையாக நிற்கும் என்பதை முடிவு செய்வது இந்த நான்காவது கேள்விதான் என்பது இவ்வாய்வின் கருதுகோள்.

ஆய்வுக்களம், நங்கநல்லூரில் ஒரு குறுக்குத் தெரு. கோயில்கள் அடர்ந்த வட்டாரம் ஆகையால் பூவுக்குத் தேவை அதிகம், மனசாட்சிக்குச் சமாதானம் சுலபம். ஆய்வுக் கருவி, மாடிப்படி ஜன்னல். ஆய்வு முறை, விளக்கை அணைத்துவிட்டு உற்றுநோக்கல். வெள்ளிக்கிழமை, பிரதோஷம், சஷ்டி ஆகிய நாட்களில் தரவு குவிந்தது. மார்கழியில் குறிப்பெடுக்கக் கை போதவில்லை.

இத்தகைய நிகழ்வை ஆராய மேல்நாட்டுத் தோட்டக்கலையில் கோட்பாடு ஏதும் கிடையாது. அங்கே செடிக்கு எதிரிகள் பூச்சி, பூஞ்சை, மான் என்று முடிந்துவிடுகின்றன. நமக்கு அந்தக் குறை இல்லை. வெட்சி, வஞ்சி, உழிஞை, தும்பை, வாகை, காஞ்சி என்று புறத்திணைகளுக்குச் செடிகொடி மரங்களின் பெயரைச் சூட்டியவர்கள் நாம். போருக்குப் பூவின் பெயர் வைத்த மரபில், பூவுக்காகவே நடக்கும் போரை விளக்க இலக்கணம் இல்லாமலா போகும்?

முதலில் வெட்சி. இது வேறொன்றுமில்லை, எல்லார் வீட்டிலும் இருக்கும் இட்லிப்பூதான். தென்னிந்தியாவும் இலங்கையுமே இதன் பிறப்பிடம். பகைவர் நாட்டு ஆநிரையை அவர்கள் அறியாமல் கவர்ந்து வருவது வெட்சித் திணை. அதன் துறைகளாகத் தொல்காப்பியம் வகுத்தவற்றை எங்கள் தெருவில் ஒன்றன்பின் ஒன்றாகப் பார்க்க முடிந்தது. 'வேய்' என்பது ஒற்றறிதல். முந்தைய நாள் மாலையே ஒருவர் கேட்டருகே நின்று, "என்ன சார் உரம் போடறீங்க? நல்லா மொட்டு விட்டிருக்கே" என்று விசாரிப்பார். செம்பருத்தியில் மறுநாள் விரியப்போகும் மொட்டு எது என்பது மாலையிலேயே தெரிந்துவிடும். நீண்டு, நிறம் வெளியே எட்டிப்பார்க்கச் சுருண்டிருக்கும். அவர் பேசுவது உரத்தைப் பற்றி. கண் எண்ணுவது மொட்டை.

'ஆகோள்' என்பது ஆநிரையைக் கைப்பற்றுதல். இதற்கான படைக்கலம், நுனியில் கம்பி வளைத்துக் கட்டிய ஒட்டடைக் குச்சி, அல்லது வளைந்த கைப்பிடி உள்ள பழைய குடை. மழையில்லாத மே மாதத்தில் ஒருவர் குடையோடு நடைப்பயிற்சி செய்தால் அவர் வெட்சி மறவர் என்று துணியலாம். 'நோயின்று உய்த்தல்', கவர்ந்த நிரையை வருத்தாமல் ஓட்டிச் செல்வது. பூ கசங்காமலிருக்கப் பால் கவரை ஊதிப் பெரிதாக்கிப் பிடித்துக்கொள்வதில் இதைக் காணலாம். 'பாதீடு' தெருமுனையில் நடக்கும். சிவன் கோயிலுக்குப் போகிறவர் நந்தியாவட்டையை எடுத்துக்கொண்டு செம்பருத்தியை அம்மன் பக்தரிடம் கொடுத்துவிடுவார். 'உண்டாட்டு' இப்போது ஃபில்டர் காபியோடு நின்றுவிட்டது.

கடைசித் துறை 'கொடை'. வீட்டுக்காரருக்குச் சிக்கல் இங்கேதான். கவர்ந்த பொருள் முழுவதும் கடவுளிடம் போய்ச் சேர்ந்துவிடுகிறது. புகார் கொடுப்பதென்றால் பொருளைப் பெற்றுக்கொண்டவர் பெயரையும் எழுத வேண்டுமே.

சட்டம் தெளிவாகத்தான் இருக்கிறது. 1860ஆம் ஆண்டின் இந்திய தண்டனைச் சட்டம் 378ஆம் பிரிவிலும், அதற்குப் பதிலாக 2024 ஜூலை 1 முதல் நடைமுறைக்கு வந்த பாரதிய நியாய சன்ஹிதா 303ஆம் பிரிவிலும் இதற்கு விளக்கம் இருக்கிறது. மண்ணோடு ஒட்டியிருக்கும் வரை எந்தப் பொருளும் திருட்டுக்கு உரியதாகாது. மண்ணிலிருந்து பிரித்த கணமே உரியதாகிவிடும். பறிப்பதும் எடுத்துச் செல்வதும் ஒரே அசைவில் நடந்தாலும் திருட்டுதான். சட்டம் எழுதியவர்கள் மரத்தை மனத்தில் வைத்து எழுதியிருக்கிறார்கள். செம்பருத்திக்கும் அது பொருந்தும். புதிய சட்டம் ஒரு சலுகையும் தருகிறது. பொருளின் மதிப்பு 5000 ரூபாய்க்குக் குறைவு, குற்றம் முதல் முறை என்றால், பொருளையோ அதன் மதிப்பையோ திருப்பிக் கொடுத்தபின் சமூக சேவையே தண்டனை. ஆனால் தீர்ப்பு வரும் நாளில் எந்தப் பூவைத் திருப்பிக் கொடுப்பது?

பவழமல்லி நீதிமன்றத்தைத் திணறடிக்கக்கூடிய செடி. இரவில் பூத்து விடியலில் தானே உதிர்ந்துவிடும். மண்ணிலிருந்து பிரித்தது யார் என்றால், செடியேதான். தரையில் விழுந்த பூ பூஜைக்கு ஆகாது என்ற விதியிலும் இதற்கு மட்டும் விலக்கு உண்டு. ஆகவே சுவருக்கு வெளியே ஒரு பழைய வேட்டியை விரித்துவிட்டு நிற்பவரிடம் யாரும் எதையும் கேட்க முடியாது. பவழமல்லியைச் சுவரோரம் நடுகிறவர் தானம் செய்கிறார் என்று எழுதிக்கொள்ள வேண்டியதுதான்.

பறிப்போர் தரப்பு வாதங்களையும் ஆராய்வது நடுநிலையாளர் கடமை. தலையாய வாதம், "சாயங்காலம் வாடத்தானே போறது?" தொல்காப்பியர் வழியில் நிலையாமையைப் பேசுவது காஞ்சித் திணை. கையும் களவுமாகப் பிடிபட்ட கணத்தில் வெட்சி மறவர் காஞ்சிக்குத் தாவிவிடுவது தமிழ்ப் போரியலில் புதிய வளர்ச்சி. தாவரவியல் அவர் பக்கமே நிற்கிறது. ஒற்றைச் செம்பருத்தி காலையில் விரிந்து அன்றைக்கே வாடிவிடும். பறித்துத் தண்ணீரில்லாமல் சுவாமி படத்தில் வைத்தாலும், செடியிலேயே விட்டாலும் அதன் ஆயுள் ஏறத்தாழ ஒன்றுதான்.

இரண்டாவது வாதம், "பறிச்சாத்தான் நிறையப் பூக்கும்." இதைப் பிரித்துப் பார்க்க வேண்டும். இட்லிப்பூவில் உண்மை, பூத்து முடிந்த கொத்தை நறுக்கினால் அடுத்த துளிர் சீக்கிரம் வரும். செம்பருத்தி விஷயம் வேறு. நம் வீட்டுச் சிவப்புச் செம்பருத்தி அநேகமாகக் காய்ப்பதே இல்லை, வாடிய பூவைத் தானே உதிர்த்துவிடும். விதைக்குப் போகும் சத்தை மிச்சம் பிடிக்கிறோம் என்ற பேச்சுக்கு அங்கே இடமில்லை. ஆனால் பறிப்பவர் அவசரத்தில் நுனியையும் சேர்த்து ஒடித்துக்கொண்டு போகிறார் அல்லவா, அதில் பலன் உண்டு. நுனி போனால் பக்கக் கிளைகள் வரும்; செம்பருத்தி புதுத் துளிரின் இலைக்கக்கத்தில்தான் மொட்டு வைக்கும். ஆக, வீட்டுக்காரர் ஒத்திப்போட்டுக்கொண்டே வந்த கவாத்தைக் கூலியில்லாமல் செய்துவிட்டுப் போகிறார்கள். கிளையைத் தோலோடு உரித்துவிடாமல் கத்தரிக்கோல் கொண்டு வந்தால் நன்றிக் கடிதமே எழுதலாம்.

இதனால் எல்லாம் செம்பருத்தி வேண்டாம் என்று முடிவு கட்டிவிடக் கூடாது. நம் வெயிலுக்கும் தண்ணீருக்கும் இதைப்போல் ஈடுகொடுக்கும் பூஞ்செடி குறைவு. ஆறு மணி நேர வெயில், தேங்காத தண்ணீர், அவ்வப்போது ஒரு கூடை மட்கிய சாணம், இவ்வளவு போதும். நிஜமான தொல்லை மாவுப்பூச்சி. கிளை நுனியில் வெள்ளையாய் அப்பிக்கொண்டு துளிரைச் சுருட்டிவிடும். அதன் இனிப்புக் கழிவுக்காக எறும்புகள் அதைக் காவல் காக்கும்; எறும்பு வரிசையாக ஏறுகிறதென்றால் மேலே மாவுப்பூச்சி குடியிருக்கிறது என்று பொருள். குழாய்த் தண்ணீரை வேகமாகப் பீய்ச்சிக் கழுவிவிட்டு, வேப்பெண்ணெயில் கொஞ்சம் சோப்புக் கரைசல் கலந்து மாலையில் தெளிக்க வேண்டும். தெளித்த வாசனை இருக்கும் மறுநாள் பூவுக்கு யாரும் வருவதில்லை என்பது துணை விளைவு. (தலைக்குத் தேய்த்துக்கொள்ளச் செம்பருத்தி இலை பறிக்கும் தனிப் படையொன்று உண்டு. அவர்கள் வாசனைக்கு அஞ்சுவதில்லை.)

ரக வேறுபாடும் கவனிக்கத்தக்கது. ஐந்து இதழ் சிவப்பு ஒற்றைக்குத்தான் கிராக்கி. மஞ்சளில் சிவப்புக் கண் வைத்த, தட்டு அகலத்துக்கு விரியும் ஒட்டு ரகத்தின் முன் பறிப்பவர்கள் சற்றுத் தயங்கி, பிறகு நகர்ந்துவிடுகிறார்கள். எந்தத் தெய்வத்துக்கு உகந்தது என்று அதற்கு இன்னும் முடிவாகவில்லை போலும்.

நந்தியாவட்டை அரை நிழலிலும் பூக்கும், இரவில் மணக்கும். கிழக்குப் பக்கத்தில் அடுத்த வீட்டு மாடி வெயிலை மறைக்கும் இடங்களுக்கு இதைவிட நல்ல செடி எனக்குத் தெரியவில்லை. காம்பைக் கிள்ளினால் பால் வடியும். சட்டையில் பட்டுக் காய்ந்தால் பிசுக்கு சுலபத்தில் போகாது. தடய அறிவியல் நோக்கில் இதன் பயனை யாரும் இதுவரை ஆராயவில்லை.

அரளியைப் பற்றிச் சுருக்கமாக. நெடுஞ்சாலைகளின் நடுத்திட்டில் புகையையும் வறட்சியையும் தாங்கி அது பூத்து நிற்பதை எல்லோரும் பார்த்திருக்கிறோம். ஆடு மாடு தொடாது. காரணம், இலை முதல் வேர் வரை இதயத்தைத் தாக்கும் நஞ்சு. எதையும் வாயில் வைக்கும் வயதில் குழந்தை இருக்கும் வீட்டுக்கு வேண்டவே வேண்டாம். முருகனுக்கும் துர்க்கைக்கும் செவ்வரளி வேண்டியிருப்பதால் நஞ்சு பறிப்பவரைத் தடுப்பதுமில்லை.

காகிதப்பூவுக்கு வருவோம். பூகன்வீல் என்ற பிரெஞ்சுக் கடலோடியின் பயணத்தில் 1767இல் ரியோ டி ஜெனிரோவில் சேகரிக்கப்பட்டு, அவர் பெயரையே பெற்ற செடி. சேகரித்த தாவரவியலாளர் கொம்மெர்சோனுக்கு உதவியாளராக, ஆண் வேடமிட்டு அதே கப்பலில் ழான் பாரே என்ற பெண் பயணம் செய்தார். அத்தனை கள்ளத்தனத்தோடு தொடங்கிய செடியை இன்று ஒருவரும் களவாடுவதில்லை. மணமில்லை, பூஜைக்கில்லை, முள் வேறு. நாம் பூ என்று நினைக்கும் வண்ணம் எல்லாம் இலைதான். நடுவே வெள்ளையாய்க் குச்சிபோல் நிற்பதே பூ. தண்ணீரைக் குறைத்தால் கூடுதலாகப் பூக்கும். பாதுகாப்பு ஒன்றே நோக்கம் என்றால் கேள்வியின்றி இதை நடலாம். ஆனால் யாருமே ஆசைப்படாத பூவை வளர்ப்பதில் ஒரு சப்பென்ற தன்மை இருக்கிறது. வீட்டுக்காரரின் எரிச்சலில் பாதி பெருமை என்பது ஜன்னலருகே நின்று கண்டறிந்த உண்மை.

மதிலை முற்றுவது உழிஞை, காப்பது நொச்சி. நொச்சியையே வேலியாக நடலாம் என்பதைப் பழந்தமிழர் ஏதோ ஒரு விதத்தில் உணர்ந்திருந்தார்கள். குச்சியை ஒடித்து நட்டால் வரும், ஆடு கடிக்காது. கொசுவை விரட்டும் என்று சென்னை மாநகராட்சி கன்றுகளாகவே வீடுகளுக்குக் கொடுத்திருக்கிறது. நீலப்பூ சின்னஞ்சிறிது, பூஜைப் படையின் பட்டியலில் வராது. அடர்ந்த நொச்சி வேலிக்குப் பின்னால் இட்லிப்பூவை வைத்தால் வெட்சி நொச்சியின் பாதுகாப்பில் தழைக்கும். இலக்கணத்துக்கு ஒவ்வாத இந்த அமைப்பு தோட்டத்துக்கு மிகப் பொருத்தம். ஒன்று மட்டும் பார்த்துக்கொள்ள வேண்டும். ஆழ்துளைக் கிணற்று உப்புத் தண்ணீரில் இட்லிப்பூவின் இளந்தளிர் மஞ்சளாகி நரம்பு மட்டும் பச்சையாய் நிற்கும். பலர் இதைத் தண்ணீர்ப் பற்றாக்குறை என்று நினைத்து அதே தண்ணீரை இன்னும் ஊற்றுவார்கள். உண்மையில் மண்ணில் காரம் ஏறி, வேரால் இரும்புச் சத்தை எடுக்க முடியாத நிலை அது. நாட்டு மருந்துக் கடை அன்னபேதியைத் தண்ணீரில் மிக நீர்க்கக் கரைத்து ஊற்றலாம். மழைநீர் பிடித்து ஊற்றினால் இன்னும் நல்லது.

தும்பை என்பது நேருக்கு நேர் பொருதல். இதை நான் பரிந்துரைக்கவில்லை. எதிர்வீட்டு மாமாவிடம் பூவுக்காகச் சத்தம் போட்டவர், தண்ணீர் லாரி வரும் நாளில் அவர் வாசலில்தான் குடம் வைக்க வேண்டியிருக்கும். வெற்றிக்குரிய வாகை பெருமரம். சுவரோரம் வைத்தால் வேர் சுவரைப் பெயர்த்துவிடும்.

எஞ்சியது பாடாண். தலைவனைப் புகழ்ந்து பரிசில் பெறும் திணை. "உங்காத்துச் செம்பருத்தி மாதிரி இந்தத் தெருவிலேயே கிடையாது மாமி, ஒரு குச்சி குடுங்கோளேன்" என்று பகலில், வாசல் வழியாக வருபவர்கள் உண்டு. இவர்கள் கொண்டுபோன குச்சி பெரும்பாலும் பட்டுப்போவதும், திருடிய குச்சி தழைப்பதும் ஊரறிந்த செய்தி. மணி பிளான்ட் விஷயத்தில் இது சாஸ்திரமாகவே ஆகிவிட்டது. இதில் மாயம் ஏதுமில்லை. கேட்டு வாங்குபவருக்கு வீட்டுக்காரர் அன்போடு மொட்டும் கொழுந்துமான நுனிக்கிளையாகப் பார்த்து நறுக்கிக் கொடுப்பார். அது வேர் விடுவதற்குள் வதங்கிவிடும். திருடுபவர் இருட்டில் கைக்கு அகப்பட்ட முற்றின குச்சியை ஒடிப்பார். பென்சில் தடிமன், ஒரு சாண் நீளம், பூவும் மொட்டும் இல்லாதது. செம்பருத்திப் போத்துக்கு விதிக்கப்பட்ட இலக்கணம் அதுவேதான்.

இந்த முடிவை நடைமுறையில் சோதித்துப் பார்த்தேன். ஆடி மாதக் கவாத்தில் விழும் குச்சிகளில் முற்றலைப் பொறுக்கி, அளவாக நறுக்கி, இலையைக் கிள்ளி, பொழுது சாய்ந்ததும் சுவர்மேல் வைத்துவிடுவது. யாரிடமும் எதுவும் சொல்வதில்லை. காலையில் ஒன்றும் மிஞ்சாது. இப்போது தெருவில் வீட்டுக்கு வீடு சிவப்புச் செம்பருத்தி நிற்கிறது. குடைக்காரருக்கும் சொந்தச் செடி வந்துவிட்டது, அதற்குக் காவலாக அவர் அதிகாலையில் வாசலிலேயே உட்கார்ந்திருக்கிறார். எங்கள் செடியில் எட்டு மணி வரை பூ இருக்கிறது. எட்டு மணிக்குப் பள்ளிக்கூடப் பிள்ளைகள் வருகிறார்கள். அவர்கள் பறித்து, மகரந்தக் காம்பைப் பிய்த்து மூக்கில் ஒட்டிக்கொள்கிறார்கள். அது எந்தத் திணையிலும் அடங்கவில்லை, தனி ஆய்வுக்குரியது.