மாதிரிக்காரர்

அலமாரி நிறைய ஸ்போர்ட்ஸ் கார்களை வைத்திருந்தும் ஓட்டுநர் உரிமத்தைப் புதுப்பிக்க மறந்துவிடும் ஒரு மனித வகை உண்டு. ஜெர்மனியிலும் ஜப்பானிலும் பிரிட்டனிலும் இந்த வகை செழித்து வளர்கிறது. ஒரு காரை இருபத்து நான்கில் ஒரு பங்காகச் சுருக்கி, பிளாஸ்டிக் துண்டுகளை ஒட்டி, வண்ணம் பூசி, கண்ணாடிப் பேழைக்குள் குடிவைப்பது இவர்கள் வேலை. வேலை என்று சொன்னால் கோபித்துக்கொள்ள மாட்டார்கள். பொழுதுபோக்கு என்று சொன்னால்தான் முகம் சுண்டிப்போகும். இவர்களைப் பற்றி உறவினர் வட்டாரத்தில் உலவும் விளக்கம் ஒன்றே ஒன்றுதான்: பாவம், நிஜக் கார் வாங்க வசதியில்லை, பொம்மையை வைத்து மனத்தைத் தேற்றிக்கொள்கிறார். இரக்கம் நிறைந்த விளக்கம். ஆனால் முழுத் தவறு. மாதிரிக்காரர் நிஜக் காருக்கு ஏங்குபவரே அல்லர். நிஜக் காரை அவர் ஒரு கைப்பிரதியாகப் பார்க்கிறார், அதுவும் அவசரத்தில் எழுதி அப்படியே அச்சுக்குப் போய்விட்ட பிரதியாக. அதன் பிழைகளைக் களைந்து, உரிய அளவில், உரிய நிறத்தில் இறுதிப் பதிப்பைக் கொண்டுவரும் கடமை தன் சாப்பாட்டு மேசையின் மேல் வந்து விழுந்திருப்பதாக அவர் நம்புகிறார்.

பொதுப்படையாகப் பேசினால் இவர்களுக்குப் பிடிக்காது என்பதால், ஒரே ஒரு காரை வழிபடுபவரை எடுத்துக்கொள்வோம். 1972 அக்டோபரில் பாரிஸ் கண்காட்சியில் போர்ஷே நிறுவனம் காட்டிய 911 கரேரா ஆர்.எஸ். 2.7 தான் அந்தக் கார். பந்தய விதிக்காக 500 கார்கள் செய்தால் போதும் என்று தொடங்கி, கேட்பவர் கூட்டம் பெருகியதால் 1,580 வரை போன வண்டி. பின்புறத்தில் வாத்து வாலைத் தூக்கினாற்போல ஒரு மடிப்பு. இவ்வளவு தெரிந்தால் சாதாரண மனிதர் ‘தெரியும்’ என்று சொல்லிக்கொள்ளலாம். நம்மவரிடம் அது செல்லாது. ‘எனக்கும் அந்த ஆர்.எஸ். ரொம்பப் பிடிக்கும்’ என்று யாராவது வாய்தவறிச் சொல்லிவிட்டால், ‘டூரிங்கா, எடை குறைத்ததா?’ என்று மறுகேள்வி பாயும். எடை குறைத்த வகையின் எடை 960 கிலோ. அந்த எண்ணை எட்டுவதற்காகப் பின் இருக்கைகளைக் கழற்றினார்கள், கடிகாரத்தைப் பிடுங்கினார்கள், டாஷ்போர்டில் சாமான் வைக்கும் பெட்டியின் மூடியைக்கூட விட்டுவைக்கவில்லை. முன்மூடியின் மேலிருந்த எனாமல் சின்னத்தை எடுத்துவிட்டு ஸ்டிக்கரை ஒட்டினார்கள். (முன்மூடியை பானட் என்று சொல்லிவிடாதீர்கள், இந்தக் காரில் எஞ்சின் பின்னால் இருக்கிறது, முன்னால் இருப்பது பெட்டி படுக்கை வைக்கும் இடம் என்று அரை மணி நேரம் கேட்க நேரும்.) அந்த ஸ்டிக்கரில்தான் நம்மவரின் பேரின்பம் இருக்கிறது. மாதிரிக் கிட்டுகளில் சின்னங்கள் தண்ணீரில் ஊறவைத்து ஒட்டும் மெல்லிய டெக்காலாகவே வரும். எல்லாக் கார்களுக்கும் அது ஒரு சமாளிப்பு. இந்த ஒரு காருக்கு மட்டும் அது சத்தியம். தொழிற்சாலையே ஒட்டியதைத்தான் தானும் ஒட்டுகிறோம் என்ற எண்ணத்தோடு சாமணத்தைக் கையில் எடுக்கும்போது அவருடைய மூச்சு நின்றுவிடும். பரவசம் ஒரு காரணம். விட்ட மூச்சில் டெக்கால் பறந்துவிடும் என்பது இன்னொரு காரணம்.

நிஜக் கார் அவருக்குக் கைப்பிரதிதான் என்பதற்கு முதல் சான்று, நிஜக் காரின் எதிரில் அவர் நடந்துகொள்ளும் விதம். பழங்கார் அணிவகுப்பில் அசல் ஆர்.எஸ். ஒன்று வந்து நிற்கிறது என்று வைத்துக்கொள்வோம். கூட்டம் எஞ்சின் சத்தத்துக்குக் காது கொடுக்கும். உரிமையாளர் ஒரு முறை ஆக்ஸிலேட்டரை மிதித்துக் காட்டுவார். நம்மவர் அந்த நேரத்தில் பின்சக்கரத்தருகே மல்லாந்து படுத்து, புகைக்குழாயின் வளைவைப் படம் எடுத்துக்கொண்டிருப்பார். உட்கார்ந்து பார்க்கிறீர்களா என்று உரிமையாளர் கேட்டால், உட்காருவார். ஸ்டியரிங்கைத் தொடமாட்டார், தரைவிரிப்பின் ஓரம் எப்படித் தைக்கப்பட்டிருக்கிறது என்று குனிந்து பார்ப்பார். எழுந்து வந்ததும் மிகுந்த பணிவோடு, பக்கக் கண்ணாடி பின்னால் வந்த மாடலுடையது என்பதையும், சக்கர நடுப்பகுதியின் நீலம் பக்கவாட்டு எழுத்தின் நீலத்தோடு ஒத்துப்போகவில்லை என்பதையும் எடுத்துச் சொல்வார். கோடிக்கணக்கில் செலவழித்தவர் அன்று இரவு தூங்கமாட்டார். நம்மவர் நன்றாகத் தூங்குவார், ஏனென்றால் அவர் வீட்டிலிருக்கும் காரில் இரண்டு நீலமும் ஒன்றுதான். கோயிலில் மூலவர் கருவறையை விட்டு நகரமாட்டார், வீதி உலாவுக்கு உற்சவர் போவார். மாதிரிக்காரர் வீட்டில் முறை தலைகீழ். ஊர் சுற்றி, வெயிலிலும் மழையிலும் அடிபட்டு, சேறு அப்பிக்கொண்டு திரும்புகிற பெரிய காரைத்தான் அவர் உற்சவராகக் கருதுகிறார். மூலவர் கண்ணாடிக்குள் இருக்கிறார். நீளம் 17 சென்டிமீட்டர்.

வசதி வந்துவிட்டால் இந்தக் கோட்பாடு கரைந்துவிடும் என்று வாதிடலாம். வசதி உள்ளவர்கள் என்ன செய்கிறார்கள் என்று பார்த்தால் வாதம் நிற்காது. பிரிட்டனின் பிரிஸ்டல் நகரில் வளர்ந்த அமால்கம் நிறுவனம் எட்டில் ஒரு பங்கு அளவில் கார்களைச் செய்து தருகிறது. கேட்டால், வாடிக்கையாளர் சொந்தமாக வைத்திருக்கும் காரையே, அதன் நிறம், தோல், தையல்நூல் வரை ஒத்திருக்கும்படி சிறிதாக்கிக் கொடுப்பார்கள். கொட்டகையில் அசல் நிற்கும்போதே அலமாரிக்கு இன்னொன்று வேண்டியிருக்கிறது என்றால், சிறியது பெரியதற்குப் பதிலாக வாங்கப்படுவது அல்ல என்பதற்கு வேறு சாட்சி எதற்கு? இன்னும் பெரிய சாட்சி ஜப்பானில் இருக்கிறது. ஷிசுவோகா நகரத்தின் தமியா நிறுவனம் மரக்கடையாகத் தொடங்கிய குடும்பத் தொழில். 1970களில் போர்ஷேயின் பந்தயக் கார் ஒன்றைப் பன்னிரண்டில் ஒரு பங்கு அளவில் செய்ய முனைந்தது. நிறுவனத்தை நடத்திய ஷுன்சாகு தமியா ஜெர்மனிக்குப் போய் அளவெடுத்துப் பார்த்தார், போதவில்லை. கடைசியில் ஒரு நிஜ 911-ஐயே விலைக்கு வாங்கி, திருகுதிருகாகப் பிரித்துப் போட்டார்கள். பிரித்தவர்களுக்குத் திரும்ப மாட்டத் தெரியவில்லை, போர்ஷே வல்லுநர்களைக் கூப்பிட வேண்டியதாயிற்று என்பது மாதிரிக்காரர்கள் வட்டத்தில் புராணக் கதையாகவே நிலைத்துவிட்டது. அந்தக் கதையை அவர்கள் சொல்லும்போது முகத்தைக் கவனிக்க வேண்டும். நல்ல கார் ஒன்று பாழாகத் தெரிந்ததே என்ற வருத்தம் துளியும் இருக்காது. ஒரு போர்ஷே அடையக்கூடிய மிக உயர்ந்த பயன்பாட்டை அந்தக் கார் அடைந்துவிட்டது என்ற நிறைவுதான் தெரியும். கூடவே ஒரு நுட்பமான பெருமையும்: நிஜக் காரைப் பூட்ட ஜெர்மன் பயிற்சி வேண்டும், கிட்டில் வரும் விளக்கத்தாளை வைத்துக்கொண்டு சின்னக் காரை ஒரு பள்ளிக்கூடப் பையன் பூட்டிவிடுவான்.

அப்படியானால் இவர் துல்லியத்தின் அடிமை, உள்ளதை உள்ளபடி நகலெடுப்பவர், இதில் திருத்தம் எங்கே வந்தது என்று ஒருவர் மடக்கலாம். நியாயமான கேள்வி, பதில் கணக்கில் இருக்கிறது. நிஜக் காரின் மேல் வண்ணப் பூச்சு ஏறத்தாழ பத்தில் ஒரு மில்லிமீட்டர் கனம். அதே கனத்தில் 1/24 அளவு மாதிரியின் மேல் பூசினால், பெரிய காரில் இரண்டரை மில்லிமீட்டர் கனத்துக்கு அப்பிய கணக்காகிவிடும். ஆகையால் ஏர்பிரஷ்ஷில் புகை போல விட்டு, காயவைத்து, இரண்டாயிரம் எண் உப்புத்தாளைத் தண்ணீரில் நனைத்துத் தேய்த்து, மறுபடி விட்டு, மறுபடி தேய்க்கிறார். நடுவில் ஒரு தலைமுடி விழுந்துவிட்டால், அளவுப்படி அது முன்மூடியின் மேல் கிடக்கும் ஒன்றரை மில்லிமீட்டர்க் கம்பி. முழு உடலையும் கழுவி முதலிலிருந்து தொடங்க வேண்டும். வீட்டில் பூனை வளர்க்கும் மாதிரிக்காரர் துறவியாகிவிடுவார். இத்தனை பாடும் பட்டு அவர் கொண்டுவரும் பளபளப்பு 1973-இல் தொழிற்சாலையை விட்டு வெளிவந்த எந்தக் காருக்கும் இருந்ததில்லை. நிஜப் பூச்சில் ஆரஞ்சுத் தோல் போன்ற மெல்லிய சொரசொரப்பு இருந்தது. அது அவருக்குத் தெரியும், தெரிந்தே விட்டுவிடுகிறார். கதவிடுக்கிலும் இதே கதை. நான்கு மில்லிமீட்டர் இடுக்கு 1/24 அளவில் கால் மில்லிமீட்டருக்கும் குறைந்துவிடும், கண்ணுக்குத் தெரியாது. எனவே கோட்டை ஆழமாகக் கீறி, கறுப்புச் சாயத்தை ஓடவிட்டு, இடுக்கு இருப்பது போல் காட்டுகிறார். எடை விஷயத்தில் அவருடைய மனச்சாட்சி சுத்தமாக உறங்குகிறது: 960 கிலோவை 24-இன் கனத்தால் வகுத்தால் 70 கிராமுக்கும் குறைவாக வர வேண்டும், தன் காரைத் தராசில் வைத்துப் பார்த்த மாதிரிக்காரர் அபூர்வம். பார்வைக்குச் சரியாக இருக்க வேண்டும், அவ்வளவுதான் சட்டம். நகலெடுப்பவர் இப்படியெல்லாம் சலுகை எடுத்துக்கொள்ள மாட்டார். திருத்துபவர்தான் எடுத்துக்கொள்வார்.

அந்த விகிதங்களுக்கே புனிதமான பிறப்பு எதுவும் கிடையாது என்பது இன்னொரு வேடிக்கை. 1/43 என்ற விசித்திர எண், ஓர் அடிக்கு ஏழு மில்லிமீட்டர் என்ற பிரிட்டிஷ் பொம்மை ரயில் கணக்கிலிருந்து வந்தது. ரயில் பக்கத்தில் நிற்கக் கார் தேவைப்பட்டது. பீரங்கி வண்டிகளின் 1/35, உள்ளே மோட்டாரும் பேட்டரியும் அடங்க வேண்டும் என்று தமியா செய்த ஒரு டாங்கியிலிருந்து வந்தது. செய்து முடித்த பிறகுதான் விகிதம் என்ன என்று கணக்குப் பார்த்தார்கள். தற்செயலாகப் பிறந்த இந்த எண்களை நம்மவர் கேள்வி கேட்பதில்லை. ஆனால் பெட்டியில் 1/24 என்று அச்சிட்டு உள்ளே 1/25 அளவில் காரை வைத்துவிட்டால், அவர் முகத்தில் ஒரு வாரம் ஈயாடாது.

வளராத குழந்தை என்ற குற்றச்சாட்டும் உண்டு. இதைவிடப் பொருந்தாத பட்டம் கிடைக்காது. குழந்தை காரை உருட்டும், மோதவிடும், மாடியிலிருந்து தள்ளும். கார் ஓடுவதற்காக ஆனது என்ற கட்சியில் குழந்தையும் பந்தய வீரனும் ஒரே பக்கம் இருக்கிறார்கள். மாதிரிக்காரர் எதிர்க்கட்சி. விருந்தாளிகள் வருகிறார்கள் என்றால் அவர் கேட்கும் முதல் கேள்வி, குழந்தைகளும் வருகிறார்களா என்பதுதான். கட்டாமல், கட்டி முடித்ததாக வாங்கிச் சேர்க்கும் கிளைச் சாதியில் இது இன்னும் முற்றியிருக்கும். ஜெர்மனியின் ஆகன் நகரத்து மினிசாம்ப்ஸ் போன்ற நிறுவனங்களின் உலோக வார்ப்புக் கார்கள் அடிப்பலகையில் திருகாணி போட்டு முடுக்கியே வருகின்றன; சேகரிப்பவர் அதைக் கழற்றுவதே இல்லை. மணிக்கு 240 கிலோமீட்டருக்கு மேல் பறக்கும் கார் அவர் வீட்டில் பலகையோடு ஆணியடித்துக் கிடக்கிறது, அட்டைப்பெட்டி வேறு தனியாகப் பத்திரமாக இருக்கிறது. கட்டுபவருக்கு இவரைக் கண்டால் இளக்காரம்: அடுத்தவன் உழைப்பைக் காசு கொடுத்து வாங்குகிறவர். இவருக்கு அவரைக் கண்டால் இரக்கம்: பின்கண்ணாடியில் பசை தோய்ந்த கட்டைவிரல் ரேகையைப் பதித்துவிட்டு அதைக் கைவேலை என்கிறவர். இருவரையும் ஒரே இரவில் சேர்த்துவைக்க ஒரு பொது எதிரி போதும். வெயிலில் வெளுக்கும் டெக்கால், கலப்படத் துத்தநாகத்தில் வார்த்ததால் தானாகவே வெடித்து உதிரும் பழைய கார், மென்மையான டயரிலிருந்து கசிந்து சக்கரத்தின் பிளாஸ்டிக்கை அரிக்கும் ரசாயனம் என்று பேச ஆரம்பித்தால் இருவரும் விடியும்வரை பிரியமாட்டார்கள்.

கடைசியாக மிஞ்சும் ஆட்சேபம் கொஞ்சம் கனமானது. திருத்திய பதிப்பை வெளியிடுவதே நோக்கமென்றால், கட்டிலுக்கடியிலும் பரண்மேலும் பிரிக்காமல் அடுக்கியிருக்கும் கிட்டுகளுக்கு என்ன சமாதானம்? ஐம்பத்தெட்டு வயதில் ஒருவரிடம் இருநூறு பெட்டிகள் இருக்கின்றன, வருஷத்துக்கு இரண்டு கட்டுகிறார் என்றால் முடிக்க நூறு வருஷம் வேண்டும். இந்த வகுத்தலை வீட்டில் யாராவது ஒருவர் அவ்வப்போது சத்தமாகச் செய்துகாட்டுவது வழக்கம். அவர் மறுப்பதில்லை. கட்டாத கிட்டில் பிழையே கிடையாது என்பதை மட்டும் சொல்லாமல் விட்டுவிடுகிறார். உறைக்குள் இருக்கும் பாகங்கள் கோணலாக ஒட்டப்படவில்லை, டெக்கால் மடியவில்லை, வெள்ளையில் முடி விழவில்லை; அந்தக் காரின் ‘கிராண்ட் ப்ரீ வெள்ளை’ நிறம் சரியாக எந்த வெள்ளை என்ற தகராறுகூட இன்னும் தொடங்கவில்லை. முதல் சொட்டுப் பசை விழுந்ததும் சீரழிவு ஆரம்பமாகிறது. நிஜக் காரைவிடச் சின்னக் கார் சரியானது என்று நம்பியவர், கட்டிய சின்னக் காரைவிடக் கட்டாதது சரியானது என்ற முடிவுக்கு வந்து சேர்வதில் தர்க்கப் பிசகு எதுவும் இல்லை. இருநூறு பெட்டிகள் அந்தத் தர்க்கத்தின் இயல்பான விளைவு. இந்தச் சமயம் பார்த்து ஏதாவது ஒரு நிறுவனம் அதே 1973 ஆர்.எஸ்.-ஐப் புதிய அச்சில், இந்த முறை கடிகாரம் இல்லாத டாஷ்போர்டோடு கொண்டுவரப்போவதாக அறிவிக்கும். அவர் இரண்டு பெட்டி சொல்லிவைப்பார்: ஒன்று கட்டுவதற்கு, மற்றது அது கெட்டுப்போனால் உதவுவதற்கு. பெட்டிகள் வந்து சேர்ந்ததும், கட்டுவதற்கென்று வாங்கியதை அடுக்கின் அடியில் வைப்பார்.