கடலைப் பாத்துக்கிட்டு காயல் மீனு

நீ திங்கதுக்குப் போறியா, படம் புடிக்கதுக்குப் போறியா? மொதல்ல அதைச் சொல்லு மக்கா.

கழக்கூட்டத்துல கம்ப்யூட்டரு முன்னால அஞ்சு நாளு வேலை பாக்கே. செரி. சனிக்கிழமை ஆனா திருவனந்தபுரத்துல எங்க போய்த் திங்கலாம்னு ஃபோனை நோண்டிக்கிட்டு உக்காந்திருக்கே பாத்தியா, அதாக்கும் எனக்கு வெளங்கல்லே. பசிச்சா காலு தானா நடக்காதா? ஒருத்தன் நாலரை நட்சத்திரம்ங்கான், இன்னொருத்தன் மூணுங்கான். அவன் நாக்குக்குப் புடிச்சது ஒன் நாக்குக்கு எதுக்குப் புடிக்கணும்? ஒங்க அப்பனுக்குப் பொண்ணு பாக்கதுக்குக்கூட நாங்க இவ்வளவு விசாரிக்கல்லே டே.

போன மாசம் என்னையும் கூட்டிக்கிட்டுப் போனேல்லா, கோவளத்துப் பக்கம்? கடை பேரு வேண்டாம், பொழைச்சுப் போட்டும். உள்ள நொழைஞ்சா ஒரே இருட்டு. மேசைக்கு ஒரு மெழுகுவத்தி. வீட்டுல கரண்டு போனா மின்சார ஆபீசுக்காரன் ஏழு தலைமுறையையும் இழுத்துத் திட்டுகே. அங்க காசு குடுத்து இருட்டுல உக்காந்திருக்கே. மெனுவைப் படிக்கதுக்கு ஃபோனுல டார்ச்சு அடிக்கே. எதுத்தாப்புல கடல் கெடந்து இரையுது. நீ என்ன சொன்னே? 'தாத்தா, இங்க கரிமீன் பொள்ளிச்சது பேமசு.'

கரிமீனு எங்க கெடக்கும்னு தெரியுமா ஒனக்கு? கடல்லயா? அது காயல் மீனு மக்களே. உப்புத் தண்ணியும் நல்ல தண்ணியும் கலந்து கெடக்க எடத்துல வளருகது. அஷ்டமுடிக் காயல்லயும் வேம்பநாட்டுக் காயல்லயும் அதுக்குக் குடியிருப்பு. 2010-ல கேரள அரசாங்கம் அதை மாநில மீனுன்னு அறிவிச்சுது. அதுல இருந்து அதுக்கும் கெத்து, அதைத் திங்கவனுக்கும் கெத்து. எங்கேயோ காயல்ல புடிச்ச மீனு ஐஸு பெட்டியில ஏறி வந்திருக்கும். நீ கடலுக்கு எதிர உக்காந்துக்கிட்டு 'ஃப்ரெஷ்ஷா இருக்குல்லா தாத்தா'ங்கே. நானும் மண்டையை ஆட்டுனேன். பேரன் காசுல்லா?

விழிஞ்ஞம் அங்க இருந்து கூப்பிடு தூரம். சாளை, அயிலை, நெத்தோலி, கணவாய்னு வள்ளத்துல இருந்து கரையில எறக்குகான். அதை அந்த மெனுவுல தேடிப் பாத்தேன். சாளையைக் காணல்லே. விலை கொறைஞ்ச சவத்துக்கு அங்க என்ன வேலை? வாழையெலையில பொதிஞ்சு, நூலு கெட்டி, ஒரு பெரிய பேரும் வச்சா நாளைக்கே சாளைக்கும் மரியாதை வரும், பாத்துக்கோ.

அதனால ஹோட்டல்ல போயி 'இங்க என்ன பேமசு'ன்னு கேக்காத. 'இன்னைக்கு என்ன மீனு கரைக்கு வந்துது'ன்னு கேளு. கடைக்காரன் முழிச்சான்னா எந்திரிச்சு வந்துரு. இன்னொண்ணும் சொல்லுகேன். ஜூன் 9 நடுராத்திரியில இருந்து ஜூலை 31 வரைக்கும், 52 நாளு, கேரளத்துல இழுவைப் போட்டு கடல்ல எறங்கப்பிடாது. மீனு முட்டை போடுக காலம். அப்பம் வள்ளக்காரன் புடிக்கதுதான் பக்கத்து மீனு. கொஞ்சமாத்தான் வரும், ஆனா நயமா இருக்கும். ஆடி மாசத்துல ஒருத்தன் இருவது வகை மீனுன்னு மெனுவை நீட்டுனான்னா, அவன் கடலை நம்பிக் கடை நடத்தல்லே, ஐஸு பெட்டியை நம்பி நடத்துகான்.

கட்டடம் பாக்க ஆசையா? அதுவும் ஆவலாம். தம்பானூர்ல ரயிலு எறங்கி ரோட்டைத் தாண்டு. பஸ் ஸ்டாண்டை ஒட்டிச் செவப்புச் செங்கல்லுல ஒண்ணு உருண்டையா ஒசந்து நிக்கும். இந்தியன் காப்பி ஹவுஸ். கெட்டுனது லாரி பேக்கர். 1917-ல இங்கிலாந்துல பொறந்த மனுசன். காந்தியைப் பாத்தாரு, பேசுனாரு, இந்த நாட்டுலயே தங்கிட்டாரு. 1990-ல பத்மஸ்ரீ குடுத்தாங்க. 2007-ல இதே திருவனந்தபுரத்துல கண்ணை மூடுனாரு. செவருக்குப் பூச்சு கெடையாது. செங்கல்லை எடைவெளி விட்டு அடுக்கி ஓட்டை ஓட்டையா வச்சிருக்காரு, காத்தும் வெளிச்சமும் அது வழியா வரும். உள்ள போனா மாடிப்படியைத் தேடாத. தரையே சரிஞ்சு சரிஞ்சு, சுத்திச் சுத்தி மேல ஏறும். வெளிச்செவரு ஓரமா மேசையையும் இருக்கையையும் கெட்டியே வச்சாச்சு. நாற்காலியை இழுத்துப் போட்டுப் பந்தா பண்ண முடியாது. தரைதான் சரிவு, மேசை மட்டம். காப்பியை வச்சா ஒரு சொட்டு சிந்தாது. இருந்த எடம் துண்டு எடம். பஸ்ஸுக்குப் போறவன், ரயிலுக்குப் போறவன் ஏறணும், திங்கணும், எறங்கணும். அதுக்காகக் கெட்டுனதாக்கும்.

இப்பம் அங்க நீங்க என்ன செய்யீங்க? தலையில விசிறி வச்ச தலப்பாவோட, கையில தட்டை அடுக்கிக்கிட்டு அந்த மனுசன் சரிவுல ஏறி வாராரு. நீ நடுவழியில சாஞ்சு நின்னு ஃபோனை ஒசத்திப் புடிச்சிருக்கே. கீழ மேசையில கட்லெட்டு ஆறிக்கிட்டுக் கெடக்கு. ஒதுங்கு டே! அவரு வேலைக்காரரு இல்லே, பாதி மொதலாளி. காப்பி போர்டு தன் கடைகளை மூடி ஆட்களை வீட்டுக்கு அனுப்புன காலத்துல, கம்யூனிஸ்டுத் தலைவரு ஏ. கே. கோபாலன் முன்ன நின்னு, அந்தத் தொழிலாளிகளையே சேத்துச் சங்கம் அமைச்சாரு. கேரளத்துல மொதல் கடை 1958-ல திருச்சூர்ல தொறந்தாங்க. அதனாலதான் அங்க யாரும் ஒன் பக்கத்துல குனிஞ்சு நின்னு, தன் பேரைச் சொல்லி, 'இன்னைக்கு ஒங்க அனுபவம் எப்படி இருக்கு சார்'னு கேக்கது இல்லே. என்ன வேணும்னு கேப்பாரு. கொண்டாந்து வப்பாரு. போயிருவாரு. மசால்தோசையைப் பிரிச்சா உள்ள பீட்ரூட்டு செவசெவன்னு இருக்கும். மொதத் தடவை பாக்கவன் பயந்துருவான். பயப்படாம தின்னு.

அந்தச் சரிவுல யாரு வேணும்னாலும் யாரு பக்கத்துலயும் உக்காரலாம்லா? ஒனக்கு அது ஒரு விசயமாவே தெரியாது. நம்ம தக்கலைக்குப் பக்கத்துல பத்மனாபபுரம் அரமனைக்குப் போனேல்லா, அங்க ஊட்டுப்புரை பாத்தியா? கீழ ஆயிரம் பேரு, மேல ஆயிரம் பேரு உக்காருக எடம். ராசா செலவுல சோறு. ஆனா பிராமணருக்கு மட்டும். நீயும் நானும் நெல்லு அறுத்துக் குடுக்கலாம், வாசல்ல நின்னு மோந்து பாக்கலாம். அந்தக் காலத்துலயே தைக்காட்டுல அய்யாவு சுவாமிகள்னு ஒரு தமிழரு, வெள்ளைக்காரன் ரெசிடென்சியில உத்தியோகம் பாத்தவரு, எல்லாச் சாதியையும் ஒண்ணா உக்கார வச்சுச் சோறு போட்டாரு. 1909-ல மறைஞ்சாரு. அவரு வாங்குன ஏச்சு கொஞ்சமா? ஒனக்கு இப்பம் 'பிரைவேட் டைனிங்'னு தனி ரூமு வேணும், அதுக்குத் தனிக் காசு. அந்தக் காலத்துப் பெரியாளுகளுக்கும் அதேதான் வேணும்னு இருந்துது, கேட்டியா.

சாலைக் கடைத்தெருவுக்குப் போ. சாலையை உண்டாக்குனது யாரு? ராசா கேசவதாசு. திவானா இருந்தவரு, நம்ம விளவங்கோட்டுப் பக்கம் பொறந்தவரு. நாஞ்சில் நாட்டு நெல்லும் வாழைக்குலையும் வண்டி வண்டியா அங்கதான் போய் எறங்குச்சு. அந்தச் சாலையில ஒரு சந்துக்குள்ள கெடக்கு ரஹ்மானியா. கேத்தல்ல சாயா கொண்டு நடந்து வித்த ஒரு பெரியவரு தொடங்குனது, அதனால கேத்தல் கடைன்னே பேரு ஆயிட்டு. என்ன கெடைக்கும்? பொரிச்ச கோழி. சின்னக் கோழி, மேல மொளகுப்பொடி மசாலா மொறுமொறுன்னு உதிரும். தொட்டுக்கச் சப்பாத்தி, குடிக்க எலுமிச்சைத் தண்ணி. கோழிக்குச் சொவை கோழியில இல்லேடே, உதுந்து கெடக்க அந்தப் பொடியிலயாக்கும். அதை விட்டுட்டு எந்திரிக்கவனைப் பாத்தா எனக்குக் கை துடிக்கும். ஒரே சாமானை ஆயுசு பூரா செய்யவன் கைக்குத் தப்பு வராது. சைனீசு, இத்தாலி, மெக்சிகோ, செட்டிநாடுன்னு நாப்பது பக்கம் அச்சடிச்சு வச்சிருக்கவன் அடுக்களையில எத்தனை சமையக்காரன் இருப்பான்? நீயே கணக்குப் போடு, கணக்குப் படிச்சவன்லா.

சத்யா விருந்தைப் பத்திப் பேசுனா எனக்கு வாயி நிக்காது. நம்ம பக்கத்து விருந்துன்னா அதுக்கு ஒரு வரிசை உண்டும். மொத பருப்பு, நெய்யி, பப்படத்தை நொறுக்கிப் போட்டுப் பெசையணும். அடுத்தது சாம்பாரு. அப்பறம் பாயசம். அடைப் பிரதமன் வந்து போன பொறவு, எலையில மஞ்சளா மெத்துன்னு ஒரு போளி விழும். அது மேல பால் பாயசத்தை ஊத்துவான். ஒன் கூட்டுக்காரன் என்ன செஞ்சான்? ஸ்பூனு கேட்டான்! போளியை வெட்டி வெட்டித் தின்னுட்டு, பாயசத்தைத் தனியாக் குடிச்சுட்டு, பந்தி முடிஞ்சுதுன்னு எந்திரிக்கப் போனான். புடிச்சு உக்கார வச்சேன். அஞ்சு வெரலையும் வச்சுப் போளியைப் பிச்சு, பாயசத்துல ஊறவிட்டு, எலையோட சேத்துப் பெசைஞ்சு, வழிச்சு வாயில போடணும். பாயசம் மணிக்கட்டுக்கு ஓடணும். ஓடுனா நக்கணும். எவன் என்ன சொல்லுவான்? அதுக்கு மேல திரும்பவும் சோறு வரும், புளிசேரி வரும், ரசம் வரும், கடைசியா மோரு. இனிப்போட எந்திரிச்சவன் பாதிப் பந்தியில எந்திரிச்சவன்.

மரச்சீனிக் கிழங்கு கதை அதை விட வேடிக்கை. அதைத் திருவிதாங்கூர்ல பரப்புனது 1880-கள்ல ஆண்ட விசாகம் திருநாள் மகாராசா. ரெண்டாம் உலகப் போருல, 1942-ல பர்மா அரிசி நின்னு போச்சு. ஊரே கிழங்கை அவிச்சுத் தின்னு உசிரு பொழைச்சுது. எங்க வீட்டுலயும் அரிசி பண்டிகைக்குத்தான். கிழங்கு தின்னோம்னு சொல்லுகதுக்கே ஆளுக வெக்கப்படுவாங்க. இப்பம் அதை ஒரு பலகையில நாலு துண்டு வச்சு, மேல மீன்கறியை ஒரு கரண்டி கோலம் போட்டுக் கொண்டாரான். 'கப்பையும் மீன்கறியும்', அரைக்கிலோ நெய்மீன் வெலை. பஞ்சம் தந்த கிழங்கைப் பணக்காரச் சாமானா ஆக்குனானே, அவன் கெட்டிக்காரன். அந்தப் பில்லைக் குடுத்துட்டுப் படம் புடிச்சுப் போட்டே பாரு, நீ யாரு?

தண்ணி கேட்டா பாட்டிலை ஒடைக்கான். ஒடைக்க விடாத. இந்த ஊருச் சாதாரணக் கடையில பதிமுகம் போட்டுக் கொதிக்க வச்ச வெள்ளம் எளஞ்செவப்பா, சுடச்சுட வரும். காசு கெடையாது, வயித்துக்கும் நல்லது. பில்லையும் ஒரு தடவை கண்ணாடியைப் போட்டுப் படி. 'சர்வீஸ் சார்ஜ்'னு ஒரு வரி இருந்தா எடுக்கச் சொல்லு. பில்லுல அதைத் தானாச் சேக்கப்பிடாதுன்னு 2022-ல மத்திய நுகர்வோர் பாதுகாப்பு ஆணையம் சொல்லியாச்சு. 2025 மார்ச்சுல டெல்லி ஹைகோர்ட்டும் அதைச் செரின்னு சொல்லியாச்சு. கேக்கதுக்கு ஒனக்கு வெக்கம். பக்கத்து மேசைக்காரி பாப்பாளேன்னு. பாத்தா பாக்கட்டும், அவளும் தன் பில்லைப் படிப்பா. அந்தக் காசைப் பரிமாறுன பையன் கையில நேராக் குடு, அவன் சிரிப்பான்.

கடலு பாக்கணுமா, சங்குமுகத்துக்குச் சாயங்காலம் போய் மணல்ல உக்காரு. காசே வேண்டாம். பாத்து முடிச்சுட்டுத் திங்கதுக்கு வேற எங்கேயாவது போ. ரெண்டு சோலியையும் ஒரே பில்லுல சேக்கதுதான் ஒங்க ஆளுகளுக்குக் கேடு.

வார ஞாயிறு நாகர்கோயில்ல இருந்து வண்டி ஏறி வாரேன். தம்பானூர்ல வந்து நில்லு. காப்பி ஹவுசுல ஆளுக்கு ரெண்டு கட்லெட்டு, ஒரு காப்பி. ஃபோனை வீட்டுல வச்சுட்டு வா. அது இல்லாம எப்பிடிக் காசு குடுக்கதுன்னு கேப்பே. ரூவா நோட்டுன்னு ஒண்ணு இன்னும் அச்சடிக்கான் மக்கா, அதுல நாலஞ்சு எடுத்துட்டு வா. நீதான் குடுக்கணும்.